நீட்டுக் கால்

2006 ஒக்டோபர் 14, சனி.

ரொக்ஸ்பரோவில் ஒரு கராஜில் நானும் குகன் அண்ணையும் கட்டும், இரண்டு பேர் ஏறிப் பறக்கும் குட்டி விமானத்துக்கு இன்று சக்கரக் கால்கள் தெரிவு செய்தோம். காட்டில் இறங்க நீளக் கால்தான் நல்லது. முன்விசிறி கல்லில் முட்டாது. இரண்டு வருடமாகக் கட்டைக் கால்தான் வேண்டும் என்று நான் விஞ்ஞானம் பேசினேன். அந்த விஞ்ஞானம் என் மனைவி வசந்தியின் முழங்கால். அவளால் உயரம் ஏற முடியாது.

வசந்தி இறந்து ஐந்து கிழமை.

"இனி நீட்டுக் காலையே போடுவம், என்ன?" என்றார் அண்ணை, என் முகத்தைப் பாராமல்.

"ஓம். ஏறுறதுக்கு ஒரு படியும் ஓர்டரில் சேர்த்து எழுதுங்கோ."

"ஆருக்கடா? நீ ஆறடி மனுசன்."

"எனக்குத்தான்."

அண்ணை எழுதினார். படி வர இரண்டு மாதமாகுமாம். அவசரமில்லை என்றேன்.