பச்சைப் புள்ளி போட்ட பொட்டலம்

ஜூலை 14, 2025. திங்கள்

சோயா மாவு மூன்றாவது தடவையும் காலை வாரிவிட்டது. பத்தே நாளில் கடலை பார் செங்கல்லாகிவிடுகிறது. அறிவழகன் சார் கடித்துப் பார்த்துவிட்டு, "இதைத் தின்னா பல் டாக்டருக்குத்தாம்மா லாபம்" என்றார். சொந்தக் கம்பெனி சரக்கைப் பற்றியே இப்படி! ஆனாலும் ரேப்பரில் '10 கிராம் புரதம்' வந்தே ஆகவேண்டுமாம். சிதம்பரம் கடைகளில் எல்லாரும் அதைத்தான் திருப்பிப் பார்க்கிறார்களாம். எங்களுடையதில் ஆறுதான் இருக்கிறது.

கதவில் 'ரூமானா, தரக் கட்டுப்பாடு' என்று போர்டு மட்டும் ஜோராகத் தொங்குகிறது.

ஜூலை 19, சனி

சென்னைக்காரர் ஒருவர் புதுப் பொடி கொண்டுவந்தார். வெள்ளை, வாசனையே இல்லை. மாட்டு எலும்பா என்று கேட்டேன். மீன் தோல் என்றார். அப்பாடா, மீன் ஹலால்தானே! என் கேள்வி அத்தோடு முடிந்தது.

ஆகஸ்ட் 2, சனி

லேப் ரிப்போர்ட் 10.4. அங்கே நைட்ரஜனை அளந்து புரதக் கணக்குச் சொல்கிறார்கள்; பருப்பா மீனா என்று யாருக்கும் கவலையில்லை. பாரும் மெத்தென்று இருக்கிறது. ரேப்பர் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் '10 கிராம் புரதம்', சேர்த்த பொருளில் 'புரதப் பொடி' என்று மட்டும் போடு என்றார் சார். அப்போ சைவத்துக்கான பச்சைப் புள்ளி? "அது பழைய டிசைன்தாம்மா, எழுபதாயிரம் அடிச்சாச்சு."

லேபிள் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டேன். 10.4 வந்ததில் பெருமைகூட இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேக்கிங் புஷ்பவள்ளி அக்கா வடலூர்க்காரர். வள்ளலார் வழி, மீன் கடைப் பக்கமே நடக்காத ஆள். போன வாரம் உடைந்த பார்களை வீட்டுக்கு மூட்டை கட்டும்போது, "முட்டை கிட்டை ஒண்ணும் இல்லையே ரூமி?" என்று கேட்டார். "முட்டை இல்லக்கா" என்றேன். முட்டையைத்தானே கேட்டார். என்ன சாமர்த்தியம் எனக்கு!

நேற்று மாதப் பூசமாம். ஜோதி பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வடலூர் சபை வாசலில் நின்று அந்த பார்களைக் கொடுத்திருக்கிறார். "ஒருத்தரு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிகிட்டாருடி" என்று சிரிக்கிறார். நான் டிபன் பாக்ஸையே திறக்கவில்லை.

ஆகஸ்ட் 23

சொல்லணும். எப்படிச் சொல்றது?

ஆகஸ்ட் 29, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன், அதுவும் வெட்கக்கேடு. அக்கா திட்டவில்லை. "நான் தின்னது போவட்டும். அத்தினி பேருக்கும் என் கையால குடுத்தேனே ரூமி" என்று குழாயடியில் போய்க் கையைக் கழுவிக்கொண்டே நின்றார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

சாரிடம் பச்சைப் புள்ளியை எடுக்கச் சொன்னேன். "மீனுன்னு தெரிஞ்சா ஒரு பெட்டி போவுமா? கையெழுத்து உன்னுதும்மா, ஞாபகம் வச்சிக்க."

செப்டம்பர் 17, புதன்

பூசம். அக்காவோடு நானும் போனேன். தெரிந்த முகங்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "போன மாசம் நான் குடுத்ததுல மீனு சேந்துடுச்சு. கேக்காம வாங்கியாந்துட்டேன், மன்னிச்சிக்கிங்க." ஒருவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். ஒரு அம்மா அக்காவின் காலடியில் காறித் துப்பினார்.

நான் பக்கத்துலதான் நின்னேன். 'அக்கா கேட்டாங்கம்மா, நான்தான் மறைச்சேன்'னு ஒரு வார்த்தை — வாயே வரலை. சீ, நானெல்லாம் ஒரு பொம்பளை.

பஸ் ஸ்டாண்டில், "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? கேட்டீங்களே" என்றேன்.

"உன் பேரைச் சொன்னா, பாய் வீட்டுப் பொண்ணு வேணும்னே செஞ்சிடுச்சும்பாங்க. எதுக்குடி உனக்கு அது?"

மீனைத் தின்ன வைத்தது போதாதென்று, அவரைப் பொய்யும் சொல்ல வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

லீவு சொல்லவில்லை. கடலூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் ரேப்பரையும் பொடி பில் நகலையும் கொடுத்தேன். அங்கிருந்தவர் படிவத்தை நீட்டி, "மேல உங்க பேரு. கீழ, யார் மேல புகாரோ அவங்க பேரு" என்றார்.

மேலே ரூமானா, முதுநகர் என்று எழுதினேன். கீழே முதல் வரியில் ரூமானா, இரண்டாவது வரியில் அறிவழகன்.

"என்னம்மா, மாத்தி எழுதிட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார், சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.