கண்ணாடியில் சந்தனம்

நேற்று உன் பதினாறாம் நாள் காரியத்துக்குச் செம்மண்டலத்தில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். கூடத்தில் உன் படம். கண்ணாடியின் மேல் கெட்டியாகச் சந்தனம், குங்குமம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்தவனைத் திட்டக் கூடாதாம். நான் திட்டுவேன்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் நாம் பி.எஸ்ஸி. படித்தபோது, வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் பி.எச். மீட்டர் வந்து இறங்கியது. தண்ணீரில் அமிலம் எவ்வளவு என்று முள் நகர்ந்து காட்டும். அதுவரை லிட்மஸ் தாளை நனைத்துக்கொண்டிருந்தவர்கள் நாம். சுற்றுவட்டாரக் கிணறுகளை மாணவர்களே சோதித்து, முடிவை ஜனங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர். பரங்கிப்பேட்டையில் ஒரு தெரு நமக்கு வந்தது.

ஆயுத பூஜையன்று ஆய்வகத்துத் தராசு, பியூரெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாய். மீட்டரின் உயிரே, தண்ணீரில் முக்கும் நுனியில் இருந்த மெல்லிய கண்ணாடிக் குமிழ்தான். அதிலும் அப்பினாய்.

"அதுல வேணாம்டா" என்றேன்.

"சாமி காரியம் மச்சான், சும்மா இரு."

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதென்று விட்டுவிட்டோம். காலையில் சந்தனம் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. பிளேடை எடுத்துச் சுரண்டினாய். பாவி, பிளேடால்!

"அளவு தெரிஞ்ச கரைசல்ல முக்கிச் சரிபாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்."

பார்க்கவில்லை. பொய் சொல்லும்போது நீ எதையும் இரண்டு முறை சொல்வாய். எனக்குத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முதலில் சோதித்தது அந்தத் தெருவில் மரியம்பீ என்ற அம்மாவின் கொல்லைக் கிணற்று நீர். தெருவே அங்கேதான் தண்ணீர் இறைத்தது. நீ நடுத்தெருவில் நின்று, "அமிலம் ஜாஸ்தி. யாரும் குடிக்காதீங்க. மிஷினே சொல்லிடுச்சு" என்றாய்.

"தம்பி, இந்தத் தண்ணியிலதான் நோன்பு தொறக்குறோம். என் கிணத்துக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று அந்த அம்மா கேட்டார். நீ நோட்டை மூடிக்கொண்டு நடந்தாய்.

அடுத்த வாரம் குமிழில் பிளேடு போட்ட கீறலைப் பேராசிரியர் கண்டுபிடித்தார். வேறு குமிழ் மாட்டிச் சோதித்தால், தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று கெஞ்சினேன். "விடு மச்சான், தண்ணிதானே. அங்க போனா நம்ம மானம் போயிடும்" என்றாய்.

தனியாகப் போனேன். ஒருவரும் நம்பவில்லை. "மிஷின் சொன்னத நீ மாத்துறியா? அந்தம்மா சொல்லிக் குடுத்து அனுப்புச்சா?" என்று கேட்டார்கள். எப்போதும் பத்துக் குடம் வரிசையில் நிற்கும் கிணற்றடியில் அன்று ஒரே ஒரு குடம் இருந்தது. மரியம்பீ ஒரு செம்பு இறைத்துக் கொடுத்தார். முழுக்கக் குடித்தேன்.

"நீ குடிச்சா ஆகாது தம்பி. உன் கூட்டாளி வந்து, எல்லாரும் பாக்க ஒரு வாய் குடிக்கட்டும். அவரு பேச்சக் கேட்டுத்தான் போனாங்க, அவரு குடிச்சா வருவாங்க. கூட்டியாறியா?"

"கூட்டியாறேம்மா" என்றேன்.

உன்னிடம் சொன்னேன். "நாளைக்கு, நாளைக்கு" என்றாய். இரண்டு முறை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பரீட்சை வந்தது, வேலை வந்தது. மரியம்பீ மௌத்தான சேதி பல வருஷம் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. கடைசிவரை அந்தக் கிணற்றில் அவர் ஒருத்தர்தான் இறைத்தாராம். ஒரு வாய் தண்ணீர், உன்னால் முடியவில்லை.

நேற்று ஈரத் துணியால் உன் படத்தைத் துடைத்தேன். "என்னண்ணே பண்றீங்க?" என்று உன் மனைவி பதறினார். துடைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிஷத்தில் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. அன்றைக்கு அந்தக் குமிழுக்குச் செய்ய வேண்டியிருந்ததும் இவ்வளவுதானேடா!

கூட்டியாறேம்மா என்று நான் கொடுத்த வாக்கு இன்னும் என்னிடமே கிடக்கிறது. இனி யாரைக் கூட்டிக்கொண்டு, யாரிடம் போவேன்?