மின்ட்டு இல்லாத பாடம்

ஜனவரி 16, வியாழன்

ஆகஸ்டில் தொடங்கும் ஒன்பதாம் வகுப்புக்கான விருப்பப் பாடங்களை இன்று அறிவித்துவிட்டார்கள். மரவேலை, சமையல், நடனம், ஜெர்மன், காட்டுப் பாடம். ஒன்றை எடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் என்று இரண்டாவதாக இன்னொன்றையும் குறிக்க வேண்டும். மாதம் முடிவதற்குள் போனிலேயே அனுப்பிவிட வேண்டும்.

ஆலோசகர் ஹெலி வகுப்புக்கு வந்து சொன்னார்: "ஃப்ரெண்ட்ஸைப் பாத்து எடுக்காதீங்க. எது பிடிக்குதோ அதை எடுங்க." எதிரிகளைப் பார்த்து எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தது மரவேலை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மின்ட்டு கார்வோனென் எதை எடுக்கப் போகிறாள்?

மின்ட்டு என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. நான் பக்கத்தில் போனால் மூக்கை லேசாக உறிஞ்சுவாள். அவ்வளவுதான். உடனே எப்போதும் அவள் பின்னாலேயே திரியும் இரண்டு பேரும் உறிஞ்சுவார்கள். எங்கள் வீட்டில் மாடுகள் இருக்கின்றன. காலையில் கொட்டகை வேலையை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். இரண்டு தடவை தலைக்கு ஊற்றிக்கொள்கிறேன். இன்னும் வாடை போகவில்லையா? போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். டீச்சரிடம் போய் என்ன சொல்வது, அவள் மூச்சு விட்டாள் என்றா?

ஜனவரி 20, திங்கள்

என் தோழி லெம்பியிடம் நைசாக விசாரித்தேன். பள்ளியில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"மின்ட்டுவா? அந்தப் பையன் ராஸ்முஸ் எங்கயோ அவ அங்க. ராஸ்முஸ் மரவேலை. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"நான் சமையல். செஞ்சதையெல்லாம் நாமளே தின்னலாம். நீயும் வாடி."

அப்படியென்றால் மரவேலை போயிற்று. மரப்பட்டறையில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். ரம்பம் ஓடினால் டீச்சருக்கு எதுவும் காதில் விழாது. ஒரு வருடம் முழுக்க நான் அங்கே குனிந்துகொண்டே நிற்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

சமையலில் அந்த இரண்டு உறிஞ்சிகளும். ஜெர்மன் டீச்சர் மின்ட்டுவின் சித்தி. நடனம் - நானா?

ஜனவரி 30, வியாழன்

அனுப்பிவிட்டேன். காட்டுப் பாடம்.

கூடாரம், படகு, தீ மூட்டுவது எல்லாம் சரி. ஆனால் ஜனவரியில் ஏரியில் பனிக்கட்டியை அறுத்து ஒரு குழி போடுவார்கள். போட்ட துணியோடு அதில் இறங்க வேண்டும். கழுத்தில் தொங்கும் இரண்டு ஆணிப்பிடிகளைப் பனியில் குத்திக் குத்தித் தானாகவே வெளியே ஏற வேண்டும். ஏறினால்தான் பாஸ். போன வருடம் கரையில் நின்று பார்த்தோம். ஒரு பையன் போட்ட சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

எனக்குத் தண்ணீர் பயம். கோடையில்கூட இடுப்புக்கு மேல் போக மாட்டேன். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐஸ் தண்ணீர் ஒரே ஒரு நாள். மின்ட்டு ஒரு வருடம்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "மரவேலை, மரவேலைன்னு உயிரை விட்டுட்டு இருந்தியே. என்னாச்சு?"

"இதுவும் நல்லாத்தான் இருக்கும்."

அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என்னை ஒரு தடவை பார்த்தார். "ம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொன்னால் அம்மா பள்ளிக்குப் போன் பண்ணுவாள். அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

மே 12, திங்கள்

இன்னிக்குப் பட்டியல் வந்துச்சு. நான் செத்தேன்.

மரவேலைக்கு ஆள் ரொம்ப அதிகமாம். குலுக்கிப் போட்டிருக்காங்க. ராஸ்முஸுக்கு விழுந்துச்சு. மின்ட்டுவுக்கு விழல. அவ இரண்டாவதா எதையோ கண்ணை மூடிட்டுக் குறிச்சிருக்கா - காட்டுப் பாடம்!

நான் மரவேலையே போட்டிருந்தால் ஒருவேளை இந்நேரம் அவள் இல்லாத அறையில் நிம்மதியாக இருந்திருப்பேன். அவளிடமிருந்து தப்பிக்க நானே போய் அவள் மடியில் விழுந்திருக்கிறேன். யாரைச் சொல்லி அழ?

ஹெலியிடம் மாற்றிக் கேட்கலாம் என்று அவர் அறை வாசல்வரை போனேன். "ஏன்?" என்று கேட்பாரே. திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் வகுப்பு. காட்டுப் பாடம் எடுப்பவர் வெய்க்கோ சார். வருகைப் பதிவு வரிசைப்படியே ஜோடி சேர்த்துவிட்டார். வருடம் முழுக்க அதே ஜோடிதான்.

கார்ப்பினென் சைமி, அதாவது நான். அடுத்தது கார்வோனென் மின்ட்டு.

மின்ட்டு கையைத் தூக்கி, "சார், மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். "காட்டுல கரடி வந்தா மாத்திக் குடுக்குமா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று படகு. "நீ பின்னாடி உக்காரு. காத்து அந்தப் பக்கம்தான் போகுது" என்றாள் மின்ட்டு. எவ்வளவு மென்மையாகச் சொல்கிறாள்! சார் கேட்டிருந்தால் காற்றின் திசையைச் சரியாகப் பார்த்தாளே என்று பாராட்டியிருப்பார்.

தண்ணீர் கறுப்பாக இருந்தது. நான் துடுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 26, புதன்

ஏரி உறைந்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

நாளை குழி. வெய்க்கோ சார் இன்று விதிகளைச் சொன்னார். ஒருவர் இறங்கும்போது அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை ஜோடி பிடித்துக்கொள்ள வேண்டும். "ஆனா 'இழு'ன்னு கேட்டாத்தான் இழுக்கணும். கேட்டு ஏறினா மார்க் குறையும், அவ்வளவுதான். கேக்காம இழுத்தா அது கணக்கே இல்லை, இன்னொரு தடவை இறங்கணும். நெஜமா விழும்போது பக்கத்துல எவனும் இருக்க மாட்டான், புரியுதா?"

என் கயிறு மின்ட்டுவின் கையில்.

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பஸ்ஸைத் தவறவிடலாமா? அப்பா டிராக்டரிலாவது கொண்டுபோய் விட்டுவிடுவார். நான் "இழு" என்று கத்தும்போது அவள் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு நிதானமாக இழுத்தால்? வேடிக்கைக்காக விட்டுவிட்டால்? சார் பக்கத்தில்தான் நிற்பார், சாக மாட்டேன். தெரியும்.

ஜனவரி 14, புதன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் நான். குழியின் விளிம்பில் உட்கார்ந்ததும் கால் கேட்கவில்லை. "போ சைமி, யோசிச்சா முடியாது" என்றார் சார். இறங்கினேன். மூச்சு அப்படியே நின்றுவிட்டது. கத்தக்கூட வரவில்லை. மேலே பார்த்தேன், மின்ட்டு கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை. ஆணிப்பிடியைக் குத்தினேன், நழுவியது. மறுபடி குத்தினேன். தினமும் தீவனம் அள்ளுகிற கைதானே. வயிறு பனியில் ஏறியது, அப்புறம் முட்டி. உருண்டு உருண்டு தள்ளிப் போனேன். நான் "இழு" என்று சொல்லவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

சார் கம்பளியைப் போர்த்தி, கரையில் இருந்த நீராவிக் குளியல் அறையைக் காட்டி, "சவுனா சூடா இருக்கு, ஓடு" என்றார். "கயிறு பிடிக்கணுமே" என்றேன். காய்ந்த துணி மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மின்ட்டு சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள். தண்ணீரில் சிரிப்பு போய்விட்டது. குத்தினாள், நழுவியது. குத்தினாள், நழுவியது. மூன்றாவது தடவை கையைத் தூக்கவே முடியவில்லை. சார், "நிதானமா, கால உதை" என்றார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். உதடு நீலமாகிவிட்டது. ஒரு சொல் போதும். ஆனால் அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோர் முன்னாலும், என்னிடம், கேட்கவே மாட்டாள்.

இருக்கட்டுமே என்று தோன்றியது. ஒரு கணம்தான், ஆனால் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்கட்டும், என்ன இப்போ? கயிறு என் கையில் இருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு இனித்தது. இனித்ததும் பயந்து போனேன். இவ்வளவு நாள் அவளைப் பார்த்துப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

இழுத்தேன். குதிகாலைப் பனியில் ஊன்றிக்கொண்டு பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன். அவள் வழுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் கிடந்தாள்.

சார் கோபமாக வந்தார். "அவ கேட்டாளா? எனக்கு ஒண்ணும் காதுல விழலயே. கேக்காம இழுக்கக் கூடாதுன்னு நேத்துதானே சொன்னேன்?"

மின்ட்டு பல் கிடுகிடுக்க, தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"கேட்டேன் சார்."

அவள் கேட்கவில்லை.

சவுனாவில் இரண்டு பேரும் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தோம். நான் அடுப்பின் மேலிருந்த சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினேன், ஆவி எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள். ஊற்றினேன்.

மார்ச் 3, செவ்வாய்

மின்ட்டு இப்போதும் என்னோடு பேசுவதில்லை. நடைவழியில் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த இரண்டு பேர் போன வாரம் ஒரு தடவை மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள்; அவள் சேராததால் பாதியிலேயே நின்றுவிட்டது. நான் வேகமாக நடக்கவில்லை.

ஒன்பதாவதோடு இந்தப் பள்ளி முடிகிறது; அடுத்து எங்கே, என்ன படிப்பது என்று எல்லோரும் விண்ணப்பம் போடுகிறார்கள். இன்று பஸ்ஸில் லெம்பி என் காதருகே வந்து, "மின்ட்டு எதுக்குப் போடுறான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லவா?" என்றாள்.

"வேண்டாம்டி. நான் நேத்தே அனுப்பிட்டேன்."

"என்ன போட்டே?"

"மரவேலை."