கிளப் சுவரில் நீ வரைந்த பெண்கள்

இன்று காலை தோட்டத்துக் கிளப் பக்கம் போனபோது பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. சுவருக்கு மறுபடியும் வெள்ளையடித்திருந்தார்கள். அதன்மேல் புதிய பேனர்: ‘மனநலம் காப்போம்.’ எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அது உன் சுவர்.

உன் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு நீ பேச்சை விட்டாய். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகவில்லை. பிள்ளை கதறினாலும் தூக்கவில்லை. மாமியார் பூசாரியைக் கூட்டிவந்து மந்திரித்தார். லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் ‘பிஸ்சு’ என்று சிங்களத்திலும் பைத்தியம் என்று தமிழிலும் சொன்னார்கள். தோட்டத்துக்கு வந்த மருத்துவமாதுதான், “இது வருத்தம், ஒரு நோய்தான். மருந்து இருக்கு” என்று உன்னை இரத்தினபுரி கிளினிக்குக் கூட்டிப்போனார். மெல்ல மெல்லத்தான் தேறினாய்.

தேறியதும் ஒருநாள் மலையில் பால் சேர்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: “அப்ப எனக்கு வாயில வார்த்தையே வரல புள்ள. ஒரு படமாச்சும் இருந்திருந்தா, இதுதான் எனக்குன்னு கையக் காட்டியிருப்பேன்.”

குருவிட்ட டவுன் கடையில் மிஞ்சிய பெயின்டைக் கேட்டு வாங்கிவந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் சுவரில் பெண்கள் எல்லோரையும் வரையவைத்தாய். தலையில் பாறையோடு தேங்காய் துருவுகிறவள்; கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே வாயில்லாமல் நிற்கிறவள். நீ உன்னையே வரைந்தாய்: படுத்திருப்பவள், பக்கத்தில் அழும் பிள்ளை, எழாத கை. கீழே கிளினிக் நடக்கும் நாளை இரண்டு மொழியிலும் எழுதினாய். மேல் லயத்து அம்மா ஒருத்தி வாயில்லாத முகத்தில் விரல் வைத்து, “எங்க மக இப்படித்தான் இருக்கா” என்று அழுதாளே, அடுத்த கிளினிக்குக்கே அந்த மகளை நீ கூட்டிப்போனாய்.

தோட்டத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. “தோட்டத்து மானத்த செவுத்துல எழுதி வச்சிருக்கீங்களா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?”

“பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கும் மனசுன்னு ஒன்னு இருக்கும்லங்க அண்ணே” என்றாய்.

திருவிழாவைச் சாக்கு வைத்து வெள்ளையடித்தார்கள். நீ மறுபடி வரைந்தாய். அந்த மழைக்காலத்தில்தான் எலிக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாய்.

சாவு வீட்டில் பேசியது என்ன தெரியுமா? “மனசு சரியில்லாதவதானே, தானாத் தேடிக்கிட்டிருப்பா.” எலிக்காய்ச்சல் என்று டொக்டர் சொன்னதை நான் கத்திச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. உன் நோயை நீ ஒளிக்காததால், உன் சாவுக்கும் அதையே காரணமாக்கினார்கள். அப்படியே இருந்திருந்தாலும் அதில் உனக்கு என்ன இழுக்கு? இதை அன்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.

இன்று மதியம் அந்தச் சுவர் முன்னால் கூட்டம். வெளியிலிருந்து வந்த ஐயா ஒருவர், “எப்பவும் சிரிச்ச முகமா இருங்க, கவலைப்படாதீங்க” என்று பேசினார். நான் எழுந்தேன். “சிரிப்பே வராதவங்க எங்கங்க போறது? செவுத்துல கிளினிக் நாள் எழுதியிருந்திச்சி. அதையும் அழிச்சிட்டாங்களே?” தலைவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். தின்னப் பணிசும் குடிக்கத் தேத்தண்ணியும் கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள், பேனரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு உன்னைப்போல வரைய வராது. ஆனால் நீ ஒரு வீட்டுக்குள் போனால், “ஒனக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்தே இருப்பாய். அதை மட்டும் நான் விடவில்லை.

தலைவரின் மருமகள் பிரசவமானதிலிருந்து வாசலுக்கு வருவதில்லை. கூட்டம் கலைந்ததும் அங்கே போனேன். தலைவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவள் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. “அவ பேச மாட்டா, நீங்க போங்க” என்றார் மாமியார்.

நான் எழுந்திருக்கவில்லை.