எழும்பாத அம்மைக் குத்து

12 மார்ச் 1963, செவ்வாய். மாட்டுங்கா.

இவர் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரருக்குப் பெரியம்மை. இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பதறவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் அம்மை குத்திய தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

"உங்களுக்குப் போன வருஷம்தானே ஆச்சு?"

"குத்திக்கலை" என்றார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"சர்டிபிகேட் இருக்கே?"

"பியூனை அனுப்பி வாங்கினேன். அதுக்கு முந்தினதும் அப்படித்தான். அந்த அம்மை குத்தற கத்தியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தறது."

அந்த இரண்டு முறையும், குத்தின இடத்தில் கொப்புளம் எழும்பலை, அதான் தழும்பில்லை என்று சொல்லியிருந்தார். நம்பித் தேதி எழுதினேன். வீட்டில் சட்டை போடாத மனிதர். சின்ன வயதுத் தழும்பு மட்டுமே உள்ள அந்தக் கை தினமும் என் கண்ணெதிரில்தான் இருந்தது. நான் காகிதத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். கண்ணை மூடி, என் விரல்களை நெரித்தபடி குத்திக்கொண்டார்.

"இனிமே ஜுரம் வருதான்னு பன்னிரண்டு நாள் பார்க்கணும்மா" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு தேதிகளையும் அடித்துவிட்டேன். இன்றைய தேதியை எழுதப் பென்சிலை எடுத்து, வைத்துவிட்டேன். முதலில் எழும்பட்டும்.

இவர் தூங்கிவிட்டார். அதற்குள் அந்தக் கையை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.