விதை போடாத குடுவை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அத்தையின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் தொலைபேசியில் கேட்டாய்: "மாமா, நான் விதையே போடல. அப்புறம் எப்படி நிறம் வந்துச்சு?" லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. கடைசியாக நீ மெல்லச் சொன்னதும் கேட்டது. "அவர் இன்னும் அதுக்குள்ளதான் இருக்காரோன்னு தோணுது."

பாடம் எடுக்காமல் பதிலை மட்டும் எழுதச் சொல்கிறாள் அத்தை. முப்பத்தாறு வருடம் வேதியியல் எடுத்த வாய், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீயும் என் மகனும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து செய்த வேலையை நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்தான் விதை. வெள்ளிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வெள்ளி அதன்மேல் படிந்து ஓடாக வளரும், கரைசலும் மஞ்சளாகும். பள்ளியில் முன்வரிசைப் பிள்ளைகள் நேராக நின்றால் பின்வரிசையும் நேராகும் அல்லவா? தங்கமும் வெள்ளியும் தம் அணுக்களை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிறுத்துபவை. அதனால் ஓடு, விதையின் வரிசையையே பிடித்துக்கொள்கிறது. அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் வெள்ளி தனியே திரண்டுவிடும். விதையே இல்லாமல் நிதானமாகச் சொட்டவிட்டால், அரை மணி நேரமாவது கரைசல் நிறமற்றுக் கிடக்க வேண்டும்.

உன்னுடையது மஞ்சளானது. அதுவும் மூன்று முறை.

எந்தக் குடுவை என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும். கழுத்தில் நீல டேப் சுற்றியது, அவன் கடைசியாகக் கையில் எடுத்தது என்று முன்பு அத்தையிடம் சொன்னாயே, அதுதான். அவன் போய்ப் பதினான்கு மாதமாக அதைத் தண்ணீரில் மட்டும் அலசுகிறாய். அமிலம் ஊற்ற மனம் வரவில்லை. அவன் விட்டுப்போன தங்கம் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அம்மா. நீ ஊற்றும் வெள்ளி அதன்மேல்தான் போய் உட்காருகிறது. அவன் கை பட்ட மிச்சம்தான் அது. அவன் இல்லை.

இன்னொரு முறை நிறம் வந்தால் இந்த ஆய்வை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக உன் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அவன் பாதியில் விட்டது உன் கையை விட்டுப் போகக் கூடாது.

உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவனுடைய மூக்குக்கண்ணாடி என் மேஜையில்தான் இருக்கிறது. இடது வில்லையில் அவன் கட்டைவிரல் ரேகை. தூசியை ஊதுவேனே தவிர, துணி படவிட்டதில்லை. விளக்கைப் போட்டால் ரேகை எழுந்து தெரியும், அந்தப் பக்கமிருந்து யாரோ இப்போதுதான் தொட்டதுபோல. எத்தனையோ நாள் என் விரலை அதன்மேல் வைக்கப் போய், பயந்து எடுத்திருக்கிறேன்.

இன்று காலை துடைத்துவிட்டேன்.  கைக்குட்டையை நீட்டியது அத்தைதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். கண் கலங்கும் நாளில் அமிலத்தைத் தொடாதே. தெளிந்த நாளில் டேப்பைப் பிரித்துவிடு. முதலில் நைட்ரிக் அமிலம் ஊற்று, வெள்ளி போகும். நன்றாக அலசிவிட்டு ராஜ திராவகம் ஊற்று, தங்கமும் போகும். பிறகு விதையில்லாமல் கரைசலை விட்டு, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்.

எங்கள் இருவரின் ஆசியுடன்,
மாமா