ஒற்று விட்டுப்போன பாத்திரம்

3 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். இப்போது வந்து பார்த்தால் வீட்டை உனக்கு அடையாளமே தெரியாது. கூடத்தில் சீனத்து நீல ஜாடிகள், சுவரோரம் ஜப்பானிய மடக்குத் தடுப்பு, பர்மாவில் செய்த அரக்கு அலமாரி. எல்லாம் நம் தாத்தாவைவிட வயதில் மூத்தவை. அலமாரி மேல் வெயில் படக்கூடாதாம், அதனால் அம்மாவின் அறைக்குள் வைத்துவிட்டேன். அம்மாவின் கட்டில் இப்போது நடைவழியில். "எனக்கென்னடா, எங்க படுத்தாலும் தூக்கம்தான்" என்றாள். அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் ஒரு பொருள் போன வாரம் கிடைத்தது. வெண்கலம். உருண்டை வயிறு, குறுகிய கழுத்து, விரிந்த பூ மாதிரி அகல விளிம்பு. பழம்பொருள் கடைக்காரர் அதைப் 'படிகம்' என்றார். வெண்கலத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்கும் புரியவில்லை. தேய்த்தால் பளிங்குபோல மின்னுவதால் இருக்கும் என்று நானே ஒரு விளக்கம் தயாரித்து, விருந்துக்கு வந்த மேனேஜர் தம்பதியிடம் எடுத்துவிட்டேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். விளிம்பில் பழத்துண்டுகளை அடுக்கி, நடுக் குழியில் தேனை ஊற்றியிருந்தேன். தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள். இந்தக் கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல். வெறும் சளிதான்.

உன் சின்னவன்

11 மார்ச்

சின்னவனுக்கு,

போட்டோவைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்ட கையோடு கடிதத்தைப் பிரித்தது என் தப்பு.

அடேய், அது படிகம் இல்லை. படிக்கம்! கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், நீதான் நடுவில் இருக்கும் 'க்'கை முழுங்கிவிட்டாய். படிக்கம் என்றால் எச்சில் துப்புகிற பாத்திரம். எங்கள் ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். வார்டில் அதைக் கழுவிக் கழுவிக் கை தேய்ந்தவள் நான். அந்த விளிம்பு ஏன் அவ்வளவு அகலம் தெரியுமா? குறி தவறினாலும் தரையில் விழக்கூடாது என்றுதான். எத்தனை பேர் காறித் துப்பிய குழியோ, அதில் தேன் ஊற்றியிருக்கிறாய். உன் மேனேஜரின் மனைவி அதில் விரலை விட்டுக்கொண்டு சிரிக்கிறாள். சீ! எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். போட்டோவின் ஓரத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் அம்மாவின் கட்டில். வந்தவர்கள் அவளைத் தாண்டித்தானே கை கழுவப் போயிருப்பார்கள்? அதுதான் எனக்கு அதைவிட அருவருப்பாக இருக்கிறது. அந்த அரக்கு அலமாரியை வெளியே போட்டு அம்மாவை அவள் அறைக்குள் படுக்க வை. இல்லையென்றால் நான் வந்து அழைத்துப்போவேன்.

அக்கா

19 மார்ச்

அக்காவுக்கு,

உனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தபிறகு என்ன எச்சில்? இனிமேல் அதைப் 'பூக்கிண்ணம்' என்று சொல்லிக்கொள்கிறேன், ஆயிற்றா? தயவுசெய்து இதை யாரிடமும் வாய் தவறிச் சொல்லிவிடாதே. மேனேஜரின் மனைவி அதே மாதிரி ஒன்று தனக்கும் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவிடம் கேட்டேன். "வந்த அன்னிக்கே தெரியும்டா" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "உன் சாமானைப் பத்தி வாயத் தொறக்காதன்னு நீதானே சொன்ன" என்றாள். இது அநியாயமா இல்லையா, நீயே சொல்.

அலமாரியை இப்போது நகர்த்த முடியாது, அரக்கு உரிந்துவிடும். அம்மாவுக்குச் சளி கூடியிருக்கிறது. இருமுகிற சத்தம் கூடம்வரை கேட்கிறது, வருகிறவர்களுக்குச் சங்கடம். துப்புவதற்கு ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கட்டிலடியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. நீ வீணாக அலைய வேண்டாம்.

உன் சின்னவன்

28 மார்ச்

சின்னவனுக்கு,

நீ ஆபீஸ் போயிருந்த நேரத்தில் வந்து அம்மாவை அழைத்து வந்துவிட்டேன். நீ வரட்டும், சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெயிண்ட் டப்பாவைப் பார்த்ததும் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கப் பிடிக்கவில்லை. விளிம்பெல்லாம் துரு. அம்மாவின் உதடு கிழிந்திருந்தது. "எதுல பட்டுச்சும்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பல்லு பட்டுடுச்சு" என்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் பல்லே கிடையாது.

டாக்டர் பார்த்தார். நெஞ்சுச் சளி முற்றியிருக்கிறது, மருந்துக்குக் கேட்கும் என்றார்.

அன்று இரவு போனில் நீ கத்தினாய். கோபப்படட்டும், அம்மாவைக் காணாமல் பதறியிருப்பான் என்றுதான் நானும் பொறுமையாக ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ முதலில் கேட்டது, "டைனிங் டேபிள்ல இருந்தது எங்க?" என்று. அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. படிக்கத்தின் மேல் பட்ட அருவருப்பெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது எனக்கு. பாவம், அது எச்சில் வாங்கப் பிறந்தது, வாங்கியது. நீ?

ஆமாம், நான்தான் எடுத்து வந்தேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருக்கிறது. கையில் எடுத்தால் கனமாக நிற்கிறது, உதட்டைக் கிழிப்பதில்லை. நீ போனை வைத்ததும் அம்மா அதைக் கையில் வாங்கி, நன்றாக இருமித் துப்பினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையும் மாலையும் அதை நான்தான் கழுவுகிறேன். உனக்கு வேண்டுமென்றால் வந்து உன் கையால் கழுவி எடுத்துக்கொண்டு போ.

அக்கா